நிக்கல் பூசிய ரைஃபிள் கேஸ் டையில் இறுகுகிறது, சைஸ் செய்த பிறகும் போல்ட் மூட மறுக்கிறது

ஜனவரி 8 (வாசகர் ஒருவரின் கேள்வி)

308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு ரீலோடிங் செய்கிறேன், அதாவது சுட்ட கேஸை (தோட்டாவின் உலோகக் கூட்டை) மறுபடி நிரப்புகிறேன். சாதாரணப் பித்தளை கேஸ்கள் சைஸிங் டைக்குள் (சுட்டு வீங்கிய கேஸைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் எஃகு அச்சுக்குள்) வழுக்கிக்கொண்டு போகின்றன. நிக்கல் பூசியவை மட்டும் டையை மாட்டியிருக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியில் உடம்பு பாரத்தைப் போட்டால்தான் ஏறுகின்றன. இறக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வேறு. இவ்வளவு பாடுபட்ட பிறகு ரைஃபிளில் போட்டுப் பார்த்தால் அதன் பின்பக்கத்தை மூடும் போல்ட் கடைசி இறக்கத்தில் கனமாக நிற்கிறது. நிக்கல் கேஸ் ரீலோடிங்குக்கு ஆகாது என்கிறார்களே, அது உண்மையா? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஜனவரி 8, இரவு

தூக்கிப் போட வேண்டாம். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை இன்னொரு கேஸை பிரஸ்ஸில் ஏற்றாதீர்கள். உடம்பு பாரத்தைப் போட வேண்டியிருக்கிறது என்றால் அடுத்த கேஸ் டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை எடுக்கும் பாடு தனிக் கதை.

நிக்கல் பித்தளையைவிடக் கடினமானது. முலாம் சில மைக்ரான் தடிமன்தான். ஆனால் அது வெளிப்புறத்தோடு நிற்பதில்லை. முலாம் தொட்டியில் கேஸ் முழுதாக முங்கி எழுவதால் குண்டைப் பிடிக்கும் கழுத்தின் உள்ளேயும் ஏறியிருக்கும். அடியில் இருக்கும் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அது டை சொன்னபடி கேட்கும். நிக்கல் அப்படிக் கேட்காது. அழுத்தும்போது அழுந்திவிட்டு வெளியே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். போல்ட் கனப்பது அதனால்தான்.

நான் செய்வது இது. ஸ்ப்ரே மசகை விட்டுவிட்டு மெழுகுக்கு மாறுங்கள். இம்பீரியல் சைஸிங் டை வேக்ஸ் மாதிரி ஒன்றை விரல் நுனியில் தொட்டு, கேஸின் உடம்பில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டினால் போதும். கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் தடவாதீர்கள். அங்கே மசகு அதிகமானால் டைக்குள் போக வழியில்லாமல் தோளைக் குழியாக்கிவிடும். கைப்பிடி முழுதாக இறங்கியதும் ஐந்து எண்ணும்வரை அப்படியே பிடியுங்கள். கொஞ்சம் இறக்கி, கேஸைப் பாதிச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற்றுங்கள். அப்படியும் போல்ட் மூடவில்லை என்றால் டையை இன்னும் கால் சுற்று கீழே இறக்குங்கள்.

ஜனவரி 8, சற்றுக் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. டையைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் சொல்லுங்கள். சைஸ் செய்த கேஸின் மேலும் அதே கோடு இருக்கும்.

ஜனவரி 9

கேஸ்கள் எங்கிருந்து வந்தன என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் இப்போது சொல்கிறார்: பித்தளை எல்லாம் அவருடைய ரைஃபிளிலேயே சுட்டவை, நிக்கல் எல்லாம் சுடுதளத்தில் பொறுக்கியவை, யார் எதில் சுட்டார்கள் என்று தெரியாது.

அப்படியானால் இரண்டையும் ஒப்பிடுவதே சரியில்லை. சுடும்போது கேஸ் அந்தத் துப்பாக்கியின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அளவுக்கு வீங்குகிறது. 308-க்கு ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து தோள் முட்டும் இடம்வரை உள்ள நீளம்) பார்க்கும் கோ கேஜ் (இதன்மேல் போல்ட் மூட வேண்டும்) 41.40 மி.மீ., நோ-கோ கேஜ் (இதன்மேல் மூடக்கூடாது) 41.50 மி.மீ. ஒழுங்கான இரண்டு ரைஃபிள்களுக்கு நடுவிலேயே 0.10 மி.மீ. வித்தியாசத்துக்கு இடம் இருக்கிறது. அடிப்பக்க விட்டத்திலும் அப்படித்தான். தாராளமான சேம்பரில், அதுவும் தானாக ஏற்றிச் சுடும் துப்பாக்கியில் சுட்ட கேஸ், அடியில் நன்றாகப் பருத்து வரும். கேஸின் மிகத் தடித்த சுவர் அங்கேதான் இருக்கிறது. அதை டை சுருக்க வேண்டும் என்றால் கை வலிக்கத்தான் செய்யும். அது பித்தளையாக இருந்தாலும் வலிக்கும்.

ஆகவே உங்கள் கேள்வியில் பாதி நிக்கலைப் பற்றியதே இல்லை. அந்த நிக்கல் கேஸ்களில் பத்தை உங்கள் ரைஃபிளில் ஒருமுறை சுட்டுவிட்டு, அப்புறம் சைஸ் செய்து பாருங்கள்.

ஜனவரி 12

8-ஆம் தேதி எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "டையை இன்னும் கால் சுற்று இறக்குங்கள்" என்றேன். அளந்து பார்க்காமல் யாரும் அதைச் செய்யக்கூடாது. எழுதும்போது பழக்கத்தில் வந்துவிட்டது. மூன்று நாளாக அந்த வரி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

டையின் திருகு அங்குலத்துக்கு 14 மறை. ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மி.மீ. இறங்கும், கால் சுற்றுக்கு 0.45 மி.மீ. கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் டையை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தால் அவ்வளவும் தோளுக்குப் போகாது, கொஞ்சம் பிரஸ்ஸின் நெளிவில் கரைந்துவிடும். மீதி தோளைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட் ரைஃபிளுக்கு, சுட்ட அளவிலிருந்து தோள் 0.03 முதல் 0.05 மி.மீ. பின்வாங்கினால் போதும். தானியங்கிக்கு 0.08 முதல் 0.13 வரை. அதற்கு மேல் தள்ளினால் அடுத்த முறை சுடும்போது கேஸின் முன்பக்கம் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ள, அடிப்பக்கம் மட்டும் பின்னால் போய் போல்ட்டில் மோதும். நடுவில் அகப்பட்ட சுவர் நீண்டு மெலியும். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஒருநாள் கேஸ் இரண்டாகப் பிரிந்து முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும், சூடான வாயு பின்னால் வரும். கண்ணாடி போடாமல் சுடுபவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து போடுங்கள்.

பித்தளை கேஸில் இது முன்கூட்டியே தெரியும். அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் பளபளப்பான வளையம் ஒன்று விழும். நிக்கல் கேஸில் அந்த வளையம் கண்ணுக்குப் படாது. முழுக் கேஸுமே பளபளப்பாக இருக்கும்போது மெலிந்த இடம் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்? நிக்கல் கேஸைப் பற்றி எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம் இது. கைப்பிடி கனப்பதைக்கூட அடுத்ததாகத்தான் சொல்வேன்.

ஜனவரி 12, மறுபடியும்

எப்படிக் கண்டுபிடிப்பது என்று உடனே கேட்டிருக்கிறார்கள். காகிதம் செருகும் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியில் 2 மி.மீ. அளவுக்குச் செங்குத்தாக மடக்குங்கள். அந்த நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். கேஸின் உள்ளே அடிவரை விட்டு, சுவரோடு ஒட்டியபடி மெதுவாக மேலே இழுங்கள். சுவர் மெலிந்திருந்தால் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கி நிற்கும். விரலுக்கு நன்றாகத் தெரியும். முதலில் நல்ல கேஸ் ஒன்றில் பத்து முறை இழுத்து விரலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15

இன்று பிற்பகல் முழுக்க இதற்கே போயிற்று. பித்தளையில் பத்து, நிக்கலில் பத்து. எல்லாம் என் 308-இல் சுட்டவை, அதே மெழுகு, அதே டை.

ஏற்றும்போது வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் நினைத்திருந்த அளவுக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இழுத்திருந்தால் எது எது என்று அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன். இறக்கும்போதுதான் விஷயமே. பித்தளை சத்தமில்லாமல் இறங்கியது. நிக்கல் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது, கைப்பிடி நடுவழியில் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் விட்டது.

அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். கேஸின் உடம்பு டையின் சுவரை விட்டு விலகிய பிறகுதான் வருகிறது. அப்போது கேஸைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான், எக்ஸ்பாண்டர் பால். டை கழுத்தை வெளியிலிருந்து தேவைக்கு மேல் ஒடுக்குகிறது. கேஸ் இறங்கும்போது உள்ளேயிருக்கும் அந்த எஃகு உருண்டை கழுத்தைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு வெளியே வருகிறது. கழுத்தின் உள்ளேயும் நிக்கல். அங்கே நான் ஒரு துளி மசகும் போடவில்லை. உருண்டை காய்ந்த நிக்கலைப் பிடித்து இழுக்கிறது, ஷெல் ஹோல்டர் கேஸின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. நடுவில் இருப்பது தோள்.

அளந்தேன். பிரைமரை (கேஸின் அடியில் தீ மூட்டும் சிறு மூடியை) தனி டையில் தட்டி எடுத்துவிட்டு, சைஸிங் டைக்குள் அந்த உருண்டையைத் தாங்கும் ராடை முழுதாகக் கழற்றிவிட்டு நிக்கல் கேஸை ஏற்றினேன். தோள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. ராடை மாட்டி, கழுத்தைக் காய்ந்தபடியே விட்டு, அடுத்ததை ஏற்றி இறக்கினேன். தோள் 0.07 மி.மீ. முன்னால் வந்திருந்தது. டை ஒழுங்காகப் பின்னுக்குத் தள்ளியதை உருண்டை திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் கேஸை ரைஃபிளில் போட்டேன். போல்ட் கடைசி இறக்கத்தில் கனமாக நின்றது. கேள்வியில் எழுதியிருந்தது அப்படியே.

கிறீச் சத்தமும் போல்ட் கனப்பதும் இரண்டு குறைகள் அல்ல. ஒரே குறைதான்.

8-ஆம் தேதி நான் சொன்ன "திரும்பப் பார்க்கும்" விளக்கத்தையும் இப்போது பாதிதான் நம்புகிறேன். கழுத்துச் சுவர் ஏறக்குறைய 0.35 மி.மீ., முலாம் சில மைக்ரான். அவ்வளவு மெல்லிய தோல் அவ்வளவு தடித்த சுவரை எந்த அளவுக்குத் திருப்பித் தள்ளிவிடும்? கொஞ்சம் தள்ளலாம். போல்ட்டை நிறுத்துகிற அளவுக்குத் தள்ளாது.

ஜனவரி 15, இரவு

செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதாமல் படுக்கப் போய்விட்டேன். நைலான் பிரஷ்ஷில் அப்பிரகத் தூளையோ கிராஃபைட் தூளையோ தொட்டு ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு எடுங்கள். கிறீச் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதா என்பதே நல்ல சோதனை. எஃகு உருண்டைக்குப் பதில் அதைவிடக் கடினமான கார்பைடு உருண்டை கிடைத்தால் இன்னும் நல்லது. நான் இனி ராடை மாட்டப் போவதில்லை, கழுத்தைத் தனியாக ஒரு மாண்ட்ரல் (விரிக்கும் கம்பி) டையில் விரிக்கப் போகிறேன். மாண்ட்ரல் மேலேயிருந்து உள்ளே அழுத்துகிறது, தோளை முன்னுக்கு இழுப்பதில்லை. கூடுதலாக ஒரு வேலைதான், ஆனால் தோள் வைத்த இடத்தில் இருக்கும்.

ஜனவரி 16

சிக்கிய கேஸ் கதையைக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், யாராவது ஒருவருக்கு உதவும்.

லானோலினை (ஆட்டு ரோம மெழுகு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து நானே செய்த ஸ்ப்ரே. ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கு. நல்ல மசகுதான், இன்றும் பித்தளைக்கு அதைத்தான் அடிக்கிறேன். ஆனால் அடித்த பிறகு ஆல்கஹால் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். லானோலின் மட்டும் மிஞ்சினால்தான் அது மசகு. ஈரமாக இருக்கும்போது வேலையில் பாதி ஆல்கஹாலுக்குப் போய்விடும், அதற்கு அழுத்தம் தாங்கத் தெரியாது. அன்று நான் காத்திருக்கவில்லை. நிக்கல் வழவழவென்று இருப்பதால் துளிகள் பரவாமல் திட்டுத்திட்டாக நின்றதையும் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் ஏற்றினேன்.

30-06 என்ற இன்னொரு ரைஃபிள் அளவின் கேஸ். முக்கால் வழியில் நின்றது. திரும்ப இறக்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், ஏறியது. இறக்கும்போது ஷெல் ஹோல்டர் கேஸின் விளிம்பில் ஒரு பிறையைப் பிய்த்துக்கொண்டு காலியாகக் கீழே வந்தது. கேஸ் டைக்குள்.

டையை பிரஸ்ஸிலிருந்து கழற்றி வைஸில் பிடித்தேன். பிரைமர் ஏற்கெனவே எடுத்தது. அதை உறுதி செய்யாமல் யாரும் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். ராடைத் தளர்த்தி முடிந்தவரை மேலே ஏற்றி, டிரில் முனை அதில் படாதபடி வைத்தேன். பிரைமர் குழியின் நடுவில் டிரில் போட்டேன். முதலில் வந்த சுருள் வெள்ளி நிறம், ஒரு நொடிகூட இல்லை, அதற்கப்புறம் எல்லாம் மஞ்சள். நாம் பேசிக்கொண்டிருக்கும் முலாம் எவ்வளவு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கால் அங்குல, 20 மறை டேப்பை விட்டு மறை வெட்டி, மேலே ஒரு தடித்த குழாய்த் துண்டையும் வாஷரையும் வைத்து, ஒரு திருகாணியை முடுக்கினேன். ஸ்பேனர் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் முனகியது. பத்தாவதோ பதினொன்றாவதோ, டப்பென்று ஒரு சத்தம். கேஸ் வெளியே வந்துவிட்டது. உடம்பின் ஒரு பக்கம் வெள்ளி அப்படியே இருக்க, மறுபக்கம் மூன்று கோடு மஞ்சளாகத் தேய்ந்திருந்தது.

அந்தக் கேஸை மேசையில் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20

ஒருவர் அடித்துச் சொல்கிறார்: நிக்கல் துகள்தான் டையைக் கோடு போடுகிறது, ஆகவே கார்பைடு டை இல்லாமல் நிக்கலைத் தொடவே கூடாது.

நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நல்ல டையின் எஃகு கடினப்படுத்தியது, நிக்கல் முலாமைவிடக் கடினம். நிக்கல் அதை வெட்டாது. ஆனால் உரிந்த நிக்கல் செதில் டையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்த செதில் ஏறும். அப்புறம் வருகிற ஒவ்வொரு கேஸிலும் அது கோடு போடும். டையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று நாம் நினைப்பது பல நேரம் டையில் ஏறிய மேடு. சுடுதளத்தில் பொறுக்கியவற்றில் மணலும் ஒட்டியிருக்கும். மணல் எஃகையே கீறும், அதில் நிக்கல் பித்தளை என்ற பேதம் இல்லை.

என் 30-06 டையில் கோடு இருந்தது. ஒரு மரக்குச்சியில் துணி சுற்றி, உலோக மெருகுப் பசை தடவி, டிரில்லில் மெதுவாகச் சுழற்றித் தேய்த்தேன். நான்கு நிமிடத்தில் கோடு போயிற்று. பள்ளமாக இருந்திருந்தால் போயிருக்காது. உடனே பெரிய தேய்ப்பெல்லாம் தேய்க்காதீர்கள், டை பெரிதாகிவிடும்.

கார்பைடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் குழப்பம் நிறைய. கைத்துப்பாக்கியின் நேரான கேஸுக்கு கார்பைடு டை என்றால் மசகு தேவையில்லை. ரைஃபிள் கேஸ் கூம்பி, தோள் வைத்து வருவது. அதற்கு கார்பைடு டை வாங்கினாலும் மசகு போட்டே ஆக வேண்டும். கார்பைடுதானே என்று காய்ந்த கேஸை ஏற்றிச் சிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 22

டிரிம் செய்வது, அதாவது நீண்டுபோன கேஸின் வாயை வெட்டுவது. 308 கேஸின் உச்ச நீளம் 51.18 மி.மீ., வழக்கமாக 50.93-க்கு வெட்டுவோம். நிக்கலை வெட்டினால் கட்டர் சீக்கிரம் மழுங்கும், அது எல்லோரும் சொல்வது. வெட்டிய பிறகு வாயைப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நான் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். வெட்டிய விளிம்பு மஞ்சள் வளையம், அதன் இரு பக்கமும் வெள்ளிக் கரை. உட்கரையில் ஒரு இடத்தில் முலாம் பித்தளையை விட்டுப் பிரிந்து, வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு நின்றது. அப்படியே குண்டை அழுத்தியிருந்தால் அந்தச் சுருள் குண்டின் செம்பு உறையை நீளத்துக்குக் கீறியிருக்கும், அல்லது உடைந்து உள்ளே விழுந்திருக்கும். விளிம்பைச் சரிவாகச் சீவும் சேம்ஃபர் கருவியை உள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று. கை வேகத்தில்தான், மின்சாரத்தில் வேண்டாம். அப்புறம் எஃகுக் கம்பளித் துணுக்கு ஒன்றை வாயில் வைத்து ஒரு திருகு. பிறகு கேஸைக் கவிழ்த்துத் தட்டினேன். வெள்ளைத் துணியில் நாலைந்து மினுக்குகள் விழுந்தன. டையில் ஒட்டிக்கொள்ளும் செதில் இங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆகவே டிரிம் செய்த நிக்கல் கேஸை அடுத்த முறை டையில் ஏற்றும்முன் வாயைத் துடையுங்கள்.

ஜனவரி 22, இன்னொன்று

அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குவது) செய்தால் கழுத்து இளகாதா என்று ஒருவர். அடியில் இருக்கும் பித்தளை இளகும். மேலே இருக்கும் நிக்கல் இளக அதைவிட அதிகச் சூடு வேண்டும், பித்தளைக்குக் கொடுக்கும் சில நொடிகள் அதற்குப் போதாது. இளகிய பித்தளையின்மேல் இளகாத ஓடு நிற்கும். பித்தளையில் சூட்டைக் கண்ணால் கணிக்கிற நிறமாற்றமும் நிக்கல்மேல் அதே மாதிரி வராது. நான் செய்வதில்லை.

அதே கேள்வியில், பளபளப்பு மங்கினால் அமோனியா உள்ள மெருகுத் திரவம் போடலாமா என்றும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். முலாம் ஓரிடத்தில் விட்டிருந்தால் அமோனியா நேராகப் பித்தளைக்குப் போகும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் சும்மா வைத்த இடத்திலேயே வெடிப்பு விட்டன. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். குதிரை லாயங்களிலிருந்து வந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று. ரீலோடிங் செய்கிற நாம் ஒவ்வொரு முறையும் கேஸில் புதிது புதிதாக இறுக்கத்தை ஏற்றுகிறோம். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நல்ல உலர்த்தல், அவ்வளவு போதும்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். கழுத்துக்குள் அப்பிரகத் தூள் போட்டாராம். சத்தம் நின்றது, பெரும்பாலான கேஸ்களில் போல்ட் இப்போது ஒரு விரலில் மூடுகிறது. எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஏழு கேஸ்கள் மட்டும் இன்னும் அடம் பிடிக்கின்றன. டையை இறக்கலாமா என்கிறார். வேண்டாம். முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். கறுப்பு மார்க்கர் பேனாவால் தோளிலும், அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் முழுதாகப் பூசுங்கள். மை காய்ந்ததும் பிரைமர் இல்லாத, காலிக் கேஸை சேம்பரில் போட்டு போல்ட்டை மூடித் திறங்கள். நிக்கல்மேல் கறுப்பு நன்றாகத் தெரியும், இந்த ஒரு வேலையில் அது பித்தளையைவிட வசதி. மை தோளில் அழிந்திருந்தால் தோள் முன்னால் இருக்கிறது. அடியில் அழிந்திருந்தால் உடம்பு பருமன், டையை எவ்வளவு இறக்கினாலும் அது போகாது. ஷெல் ஹோல்டரின் உயரம் 3.175 மி.மீ. அந்த உயரம்வரை கேஸின் அடியை டை தொடவே முடியாது. அதற்கு ஸ்மால் பேஸ் டை என்று தனியாக இருக்கிறது, அடிப்பக்கத்தைச் சற்று அதிகமாக ஒடுக்கும்.

ஜனவரி 28

ஏழில் ஆறு அடியில் உரசுகின்றனவாம். ஒன்று மட்டும் தோளில்.

ஆறு கேஸுக்காக ஸ்மால் பேஸ் டை வாங்காதீர்கள். வேறு யாரோ ஒருவரின் சேம்பர் அவற்றை எந்த அளவுக்கு வீங்கவைத்தது என்று நமக்குத் தெரியாது. ஓரங்கட்டுங்கள். அந்த ஒன்றில் தூள் சரியாகப் போயிருக்காது. மறுபடி தூள் போட்டு ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

பிப்ரவரி 3

"நிக்கலால் இவ்வளவு தொல்லை என்றால் எதற்குத்தான் பூசுகிறார்கள்?" நல்ல கேள்வி, முன்பே வந்திருக்க வேண்டியது.

தோல் பெல்ட். தோலைப் பதப்படுத்தும் அமிலம் பித்தளையோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெல்ட் வளையத்தில் மாதக்கணக்கில் செருகியே கிடக்கும் ரிவால்வர் தோட்டா அந்தக் களிம்போடு சிலிண்டருக்குள் ஏறாது. நிக்கலுக்கு அந்தக் களிம்பு இல்லை. மழையிலும் வியர்வையிலும் தாங்கும், மேகசினிலிருந்து வழுக்கி ஏறும், வெளிச்சம் குறைந்த இடத்தில் சேம்பரில் தோட்டா இருக்கிறதா என்று கண்ணில் படும். முதல் முறை சுடுவதற்கு நிக்கல் அருமையான கேஸ். அது நம்மை மனதில் வைத்துச் செய்தது இல்லை, அவ்வளவுதான்.

என் பழக்கம்: நனையக்கூடிய இடத்துக்குப் போகும்போது நிக்கல். உட்கார்ந்து, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்துச் சுடும் வேலைக்குப் பித்தளை. இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்க மாட்டேன். கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடி இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

பிப்ரவரி 19

ஜனவரி 15-இல் எடுத்த அந்தப் பத்து நிக்கல் கேஸ்களையும் தொடர்ந்து சுட்டுவருகிறேன். இன்று நான்காவது சைஸிங். எட்டாவது கேஸை மெழுகு தடவ உருட்டும்போது விரலில் ஏதோ முள் மாதிரி குத்தியது. கழுத்தில் வாயிலிருந்து தோளை நோக்கி ஒரு மயிரிழை. லென்ஸில் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் நிக்கல் தூக்கிக்கொண்டு நிற்க, நடுவில் கறுப்பு. இன்னொன்றில் அதன் தொடக்கம். கூடவே தொடங்கிய பித்தளை பத்தும் நன்றாக இருக்கின்றன.

சைஸிங்கில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பிடி லேசாக இறங்கியது, தோள் சரியான இடத்தில் நின்றது. கழுத்துதான் களைத்துவிட்டது. நெகிழாத ஓடு முதலில் விரிசல் விடுகிறது, பித்தளை அந்த விரிசலின் வழியே கிழிகிறது என்று இப்போதைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கேஸ்களை மூன்று முறையோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கிளிப் கொக்கியை உள்ளே விட்டுப் பாருங்கள், வளையம் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

விரிசல் விட்ட இரண்டையும், தொடக்கம் தெரியாவிட்டாலும் மீதி எட்டையும், வாயைக் குறட்டில் நசுக்கிப் பழைய உலோக டப்பாவில் போட்டுவிட்டேன். யாரும் எடுத்து மறுபடி ஏற்றிவிடக் கூடாது.